உலகச் சந்தையும் உழைப்பின் பங்கும்: இராமநாதபுரம் கடற்கரையில் கணக்கிட்டுப் பார்க்கும் முறை

நாட்டு வருமானத்தில் தொழிலாளர்களுக்குச் சேரும் பங்கு குறைந்து வருகிறது என்று பன்னாட்டு அறிக்கைகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. அந்த எண் எப்படி உருவாகிறது, தொண்டியிலோ மண்டபத்திலோ மூக்கையூரிலோ கரையேறும் ஒரு கூடை நண்டுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதைக் கணக்கு நோட்டும் பொறுமையும் உள்ள எவரும் தாமே கண்டறியலாம். கல்லூரி மாணவர்கள், மீனவர் சங்கங்களில் கணக்கு எழுதுவோர், மகளிர் குழுச் செயலாளர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. கூட்டல், கழித்தல், வகுத்தல் தவிர வேறு கணிதம் இதற்குத் தேவையில்லை. எதைக் கூட்டக் கூடாது, எதைக் கழிக்க மறந்துவிடுகிறோம் என்பதில்தான் சிரமம் முழுவதும் இருக்கிறது.

எதை எதனால் வகுப்பது

முதலில் வகுக்கும் எண்ணைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஒரு விசைப்படகு ஒரு லட்சம் ரூபாய்க்கு மீன் இறக்கியது, ஆட்களுக்கு இவ்வளவு கிடைத்தது என்று நேரடியாக வகுத்துவிடுவது பரவலாகக் காணப்படும் பிழை. ஏலத்தில் வந்த ஒரு லட்சத்தில் டீசலுக்கும் ஐஸுக்கும் போன தொகை, அவற்றை உற்பத்தி செய்த வேறொருவரின் வருமானமாக ஏற்கெனவே ஓரிடத்தில் பதிவாகியிருக்கும். ஆகவே வெளியிலிருந்து வாங்கிப் பயன்படுத்திய பொருள்கள், சேவைகள் அனைத்தின் மதிப்பையும் கழித்தபின் எஞ்சுவதே அந்தப் படகு உண்டாக்கிய வருமானம். பொருளியலில் இதனை மதிப்புக் கூட்டல் என்பர். நாடு முழுவதும் உள்ள தொழில்களின் மதிப்புக் கூட்டலைச் சேர்த்தால் கிடைப்பதே உள்நாட்டு உற்பத்தியின் அடிப்படை. உழைப்பின் பங்கு என்பது இந்த மதிப்புக் கூட்டலில் கூலி, சம்பளம், சாப்பாடு, படிக்காசு (அன்றாடச் செலவுக்குத் தரும் பணம்) என எந்த வடிவிலேனும் உழைத்தவருக்குச் சேர்ந்த பகுதியாகும்.

மீதிப் பகுதி சொத்துக்குச் சேர்கிறது. படகின் உரிமையாளர், அவருக்குக் கடன் கொடுத்தவர், இடத்தின் சொந்தக்காரர் ஆகியோர் அதைப் பிரித்துக்கொள்கின்றனர். கடனுக்குக் கட்டும் வட்டியைச் செலவாக எழுதி மதிப்புக் கூட்டலிலிருந்து கழித்துவிடும் பழக்கம் நம் கரைகளில் உண்டு. அவ்வாறு செய்யக் கூடாது. உரிமையாளருக்கு அது செலவுதான் என்றாலும், நாட்டுக் கணக்கில் அது மூலதனத்துக்குப் போன பங்கு.

ஒரு பயணத்தின் கணக்கு

இறங்குதளத்தில் பழக்கமுள்ள ஒருவர் மூலமாக ஒரு படகின் பருவக் கணக்கு நோட்டைப் பார்க்க அனுமதி பெறுங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் கேள்வி கேட்டால் எவரும் பதில் சொல்லமாட்டார்; கணக்கு முடித்துப் பங்கு பிரிக்கும் நாளில் சென்றால் சம்மாட்டியும் (படகின் உரிமையாளர்) ஆட்களும் ஒரே இடத்தில் இருப்பர், ஒருவர் விட்டதை மற்றவர் சொல்வார். பங்கு முறை ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறுபடும் என்பதால், கீழே உள்ள எண்களை முறை விளங்குவதற்காக வைத்துக்கொண்ட எடுத்துக்காட்டாக மட்டும் கொள்ள வேண்டும்; அவை எந்த ஊரின் சராசரியும் அல்ல.

ஏலத் தொகை 1,00,000 ரூபாய் என்க. டீசல் 45,000, ஐஸ், தண்ணீர், சமையல் சாமான் 8,000, ஏலக்காரரின் கமிஷன் 5,000. இப்பொதுச் செலவு 58,000 போக 42,000 எஞ்சுகிறது. இதில் 40 விழுக்காடு, அதாவது 16,800 ரூபாய், ஐந்து ஆட்களுக்கு, ஆளுக்கு 3,360. மீதி 25,200 உரிமையாளருக்கு. அதிலிருந்து வலை பழுதுபார்க்க வாங்கிய நூலுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் அவர் 4,000 செலவிட்டால், அந்த 4,000த்தையும் வாங்கிய பொருளாகக் கழிக்க வேண்டும். ஆக, மதிப்புக் கூட்டல் 38,000. அதில் உழைப்பின் பங்கு 16,800, ஏறத்தாழ 44 விழுக்காடு. ஏலத் தொகையால் வகுத்திருந்தால் 17 விழுக்காடு என்று வந்திருக்கும். இவ்விரு எண்களையும் கலந்து பேசுவதாலேயே சங்கக் கூட்டங்களில் பல வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

மானிய டீசல் வாங்கும் படகானால், மானியம் போக உண்மையில் செலுத்திய விலையையே எழுதவும். படகில் ஆட்கள் உண்ணும் சோறு பொதுச் செலவில் சேர்ந்திருந்தாலும், அது உழைத்தவருக்குச் சேர்ந்த பண்டக் கூலி என்பதால், நுணுக்கமாகச் செய்ய விரும்புவோர் அதனை ஐஸிலிருந்து பிரித்து உழைப்பின் பக்கம் சேர்க்கலாம்.

முன்பணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வியாபாரியிடமோ ஏற்றுமதிக் கம்பெனியின் முகவரிடமோ முன்பணம் பெற்ற படகு, சரக்கை அவரிடமே கொடுக்கக் கடமைப்பட்டிருக்கும். விலையும் திறந்த ஏலத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு லட்சம் பெறவேண்டிய சரக்கு 94,000த்துக்குப் போனால், அந்த 6,000 ரூபாய் பெயர் சொல்லாத வட்டியாகும். கணக்கு எழுதும்போது சரக்கைத் திறந்த ஏல விலையில் மதித்து, வித்தியாசத்தை மூலதனத்தின் பக்கம் எழுத வேண்டும். அப்படி எழுதினால்தான் ஓர் உண்மை வெளிப்படும்: கடன் வாங்கியவர் உரிமையாளர், ஆனால் கமிஷன் மாறாது என்று கொண்டால், குறைந்த 6,000த்தில் 40 விழுக்காடான 2,400 ரூபாய் ஆட்களின் பங்கிலிருந்து போகிறது. நான் பார்த்தவரை, இந்த வரி எந்தப் படகின் நோட்டிலும் எழுதப்படுவதில்லை.

சம்மாட்டியே கடலுக்குப் போனால்

நாட்டுப்படகுகளிலும் வத்தை என்னும் சிறு படகுகளிலும் உரிமையாளரே சுக்கான் பிடிப்பார், மகனோ தம்பியோ உடன் செல்வார். அவருக்குக் கிடைத்த பணத்தில் எவ்வளவு உழைப்புக்கு, எவ்வளவு படகுக்கு என்று யாரும் பிரித்துக் கொடுப்பதில்லை. தேசியக் கணக்குகளில் இதற்குக் கலப்பு வருமானம் என்று பெயர். இந்தியா போன்ற நாடுகளில் உழைப்பின் பங்கைப் பற்றிய கருத்து வேறுபாடுகளில் பல, இந்த ஓர் இனத்தை எப்படிப் பிரிப்பது என்பதிலிருந்தே எழுகிறது.

முந்தைய எடுத்துக்காட்டில் ஐந்து ஆட்களோடு உரிமையாளரும் ஆறாவது ஆளாகக் கடலுக்குச் சென்றார் என்றால், அவர் உழைப்புக்கும் 3,360 ரூபாய் மதிப்பிட வேண்டும். அப்போது உழைப்பின் பங்கு 20,160 ஆகி, 44லிருந்து 53 விழுக்காடாக உயர்கிறது. பணம் ஒரு ரூபாய்கூடக் கை மாறவில்லை; வரையறை மட்டும் மாறியது.

நாட்டளவில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. மொத்த மதிப்புக் கூட்டல் 100 என்றும், அதில் ஊழியர் ஊதியம் 30, நிறுவனங்களின் உபரி 25, கலப்பு வருமானம் 45 என்றும் ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதியத்தை மட்டும் எடுத்தால் உழைப்பின் பங்கு 30 விழுக்காடு. கலப்பு வருமானம் முழுவதையும் உழைப்பாகக் கொண்டால் 75. கலப்பு வருமானத்தை ஒதுக்கிவிட்டு எஞ்சிய 55க்குள் 30 எவ்வளவு என்று பார்த்தால் ஏறத்தாழ 55. டக்ளஸ் கோலின் என்னும் பொருளியலாளர் 2002இல் இத்தகைய திருத்தங்களைப் பல நாடுகளுக்குச் செய்து காட்டியபோது, ஏழை நாடுகளுக்கும் பணக்கார நாடுகளுக்கும் இடையே இருப்பதாக எண்ணப்பட்ட பெரிய வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துபோனது. ஆகவே உழைப்பின் பங்கு இத்தனை விழுக்காடு என்று எங்கேனும் படித்தால், கலப்பு வருமானத்தை என்ன செய்தார்கள் என்பதை முதற்கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சுயதொழில் செய்வோரின் உழைப்பையும் மதிப்பிட்டுச் சேர்த்து, 2024இல் உலகளவில் உழைப்பின் பங்கு 52.4 விழுக்காடு என்றும், 2004 முதல் அது 1.6 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்துள்ளது என்றும் கணித்தது. அதே அமைப்பு 2018இல் வெளியிட்ட இந்திய ஊதிய அறிக்கையோ இந்தியாவின் பங்கு 1981இல் 38.5 விழுக்காடாக இருந்து 2013இல் 35.4 ஆகக் குறைந்ததாகக் கூறுகிறது. முறையை விசாரிக்காமல் இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறாகும். ஒவ்வொரு தொடரையும் அதனதன் முந்தைய ஆண்டுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

கம்பெனி வாசல்வரை

படகோடு நின்றுவிட்டால் உலகச் சந்தை கணக்குக்குள் வருவதே இல்லை. அதே சரக்கை முகவர் 1,00,000க்கு வாங்கி, ஐஸுக்கும் வண்டிக்கும் 5,000 செலவிட்டு, 1,10,000க்குப் பதப்படுத்தும் ஆலைக்குக் கொடுக்கிறார். அவரது மதிப்புக் கூட்டல் 5,000, அதில் சுமைக்கூலி 1,500. ஆலை மின்சாரம், பொதியல், ஏற்றிச்செல்லும் செலவு ஆகியவற்றுக்கு 25,000 செலவிட்டு 1,60,000க்கு ஏற்றுமதி செய்கிறது. அதன் மதிப்புக் கூட்டல் 25,000, அதில் தோலுரிக்கும், நண்டுச் சதை எடுக்கும் பெண்களின் கூலி உட்பட 9,000 ஊதியம். படகு, முகவர், ஆலை என்னும் இச்சங்கிலியின் மூன்று கண்ணிகளையும் சேர்த்தால் மதிப்புக் கூட்டல் 68,000, உழைப்புக்குச் சேர்ந்தது 27,300, பங்கு 40 விழுக்காடு. படகில் 44, ஆலையில் 36, சங்கிலி முழுவதற்கும் 40 என்று பார்க்கும்போது, ஏற்றுமதி பெருகப் பெருக ஆலையின் எடை கூடும் என்பதும், எந்தக் கண்ணியிலும் எவர் பங்கையும் எவரும் குறைக்காமலே சங்கிலியின் சராசரி இறங்கக்கூடும் என்பதும் விளங்கும். எனவே பங்கில் ஏற்பட்ட மாற்றத்தை, கண்ணிக்குள் நிகழ்ந்த மாற்றம், கண்ணிகளின் எடை மாறியதால் நிகழ்ந்த மாற்றம் என இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். காரணம் வேறானால் கேட்கவேண்டிய தீர்வும் வேறாகும்.

அயல்நாட்டு அங்காடியில் அந்த நண்டுச் சதை என்ன விலைக்கு விற்கிறது என்பது ஆவலைத் தூண்டும் செய்தியானாலும், நம் நாட்டு வருமானக் கணக்கு துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் கூடும் மதிப்பு அந்த நாட்டின் வருமானம். அதைத் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளலாம். இந்தக் கூட்டலில் சேர்க்கக் கூடாது. ஏற்றுமதி விலையை அறிய, வணிக அமைச்சகம் சரக்குக் குறியீட்டு எண்வாரியாக வெளியிடும் அளவையும் மதிப்பையும் பயன்படுத்தலாம்; உறைந்த இறாலின் பெரும்பகுதி 030617 என்ற எண்ணிலும், டப்பாவில் அடைத்த நண்டுச் சதை 160510 என்ற எண்ணிலும் வரும்.

ஆலையில் மேலாளரின் சம்பளத்தையும் உழைப்பின் பங்கில் சேர்ப்பதா என்ற வினா இங்கே எழும். முறைப்படி அதுவும் ஊழியர் ஊதியமே. ஆனால் இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதினால் நல்லது. இந்தியாவின் அமைப்புசார் ஆலைகளில் தொழிலாளர் கூலி 1980களின் தொடக்கத்தில் நிகர மதிப்புக் கூட்டலில் சுமார் 30 விழுக்காடாக இருந்து, 2000களின் இறுதியில் சுமார் 10 விழுக்காட்டுக்கு இறங்கியதை ஆண்டுத் தொழில் ஆய்வின் தரவுகள் காட்டுகின்றன. மேலாண்மைச் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாகத் தெரியாது.

விலை விழுந்தபோது பங்கு ஏறும் விந்தை

எடுத்துக்காட்டுப் படகுக்கே திரும்புவோம். உலகச் சந்தையில் ஏதோ நேர்ந்து, ஏல விலை 20 விழுக்காடு விழுகிறது என்க. ஏலத் தொகை 80,000. டீசலும் ஐஸும் குறையவில்லை. கமிஷன் மட்டும் 4,000 ஆகிறது. பொதுச் செலவு 57,000 போக எஞ்சுவது 23,000. ஆட்களின் 40 விழுக்காடு 9,200, ஆளுக்கு 1,840. விலை ஐந்தில் ஒரு பங்கு விழுந்ததற்கு ஆளின் வருமானம் 45 விழுக்காடு விழுந்துவிட்டது. மதிப்புக் கூட்டல் 19,000 என்பதால், உழைப்பின் பங்கோ 44லிருந்து 48 விழுக்காடாக ஏறியிருக்கிறது!

பங்கு ஏறினால் தொழிலாளருக்கு நல்லது என்று எண்ணுவோர் இக்கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். பங்கு என்பது ஒரு விகிதம். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சேர்ந்து சுருங்கும்போது அது எத்திசையிலும் நகரலாம். அதனால் பங்கையும் ஆள்வீத வருமானத்தையும் எப்போதும் இணையாக எழுதுங்கள்; ஒன்றில்லாமல் மற்றொன்றைக் காட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மாதச் சம்பள முறையில் விலைச் சரிவின் அடியை முதலில் முதலாளியின் உபரி தாங்கும். பங்கு முறையில் ஆட்களும் அன்றைக்கே தாங்குகின்றனர். அவர்கள் தொழிலாளர்களின் கூலியைப் பெற்றுக்கொண்டு பங்காளிகளின் இடரைச் சுமக்கின்றனர். விலை உயரும் பருவத்தில் அவர்களுக்கும் உயர்வு கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் சேமிப்பில்லாத வீட்டுக்கு இரு பருவங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்வதில்லை.

உலகமயமாக்கலின் கை எது எனப் பிரித்தறிதல்

இதுவரை செய்தது அளத்தல். காரணம் கற்பிப்பது கடினமான பகுதி. 1941இல் ஸ்டோல்பர், சாமுவேல்சன் என்னும் பொருளியலாளர்கள் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஆட்கள் மிகுந்த நாடு உலக வாணிகத்துக்குத் திறந்துவிட்டால் அங்கே உழைப்பின் ஊதியம் மூலதனத்தின் வருவாயோடு ஒப்பிடுகையில் உயரவேண்டும். வாணிகம் திறந்துவிடப்பட்ட 1991க்குப் பிந்தைய இந்தியாவில், குறிப்பாக அமைப்புசார் ஆலைகளில், அது நடக்கவில்லை. பன்னாட்டு நாணய நிதியம் 2017 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தந்தது: வளர்ந்த நாடுகளில் உழைப்பின் பங்கு சரிந்ததற்கு ஏறத்தாழப் பாதிக் காரணம் தொழில்நுட்பம், வளரும் நாடுகளிலோ உலக உற்பத்திச் சங்கிலிகளில் இணைந்ததே முதன்மைக் காரணம், ஏனெனில் அந்த இணைப்பு உற்பத்தியின் மூலதனச் செறிவை, அதாவது உழைப்போடு ஒப்பிடுகையில் எந்திரம் போன்ற மூலதனத்தின் அளவை, உயர்த்தியது. கரபார்பூனிஸ், நெய்மன் ஆகிய பொருளியலாளர் இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, எந்திரங்களும் கணினிகளும் மலிந்ததே உலகளாவிய சரிவில் சுமார் பாதிக்குக் காரணம் என்றது. நம் கரையில் இவ்விரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன: கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டரும் ஜி.பி.எஸ். கருவியும் மலிந்தது உலகமயமாக்கலாலா, தொழில்நுட்பத்தாலா என்று கேட்டால், தெளிவாகக் கோடு கிழிக்க முடியாது.

கோடு கிழிக்க முடிந்த இடம் ஒன்று உண்டு. ஒரே இறங்குதளத்தில், ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைப் பிடிக்கும் வலையையும் உள்ளூர்ச் சந்தைக்கான சரக்கைப் பிடிக்கும் வலையையும் இணையாக வைத்துப் பாருங்கள். பாக் விரிகுடாவில் நண்டுவலையும், சூடை என்னும் சிறு மீனைப் பிடிக்கும் சூடைவலையும் இதற்கு ஏற்ற இணை. டீசல் விலை, காற்று, கடலுக்குப் போகாத நாள்கள் ஆகியவை இரண்டுக்கும் பெரும்பாலும் பொது. அயல்நாட்டுத் தேவை நண்டை மட்டும் தொடும். இரண்டிலும் உழைப்பின் பங்கு ஒரே போக்கில் சரிந்தால் காரணம் உள்ளூரிலோ டீசலிலோ இருக்கிறது. நண்டில் மட்டும் சரிந்தால் உலகச் சந்தையைச் சந்தேகிக்கலாம். இழுவைப்படகில் இந்த ஒப்பீடு செல்லாது, ஏனெனில் அதில் இறாலும் கணவாயும் சங்காயம் எனப்படும் கழிவு மீனும் ஒரே மடியில் (இழுவை வலையில்) வருகின்றன. செலவை எதற்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

காலவரிசையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த இறாலுக்கு அமெரிக்கா 2005 முதல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிகக் குறைந்த விலையில் வந்து குவியும் அயல்நாட்டுப் பொருளுக்கான வரி) விதிக்கிறது. 2009இல் இந்தியாவில் வனாமி என்னும் அயல்நாட்டு இன இறாலின் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தது. 2024-25இல் நாட்டின் கடல் உணவு ஏற்றுமதியான 62,408 கோடி ரூபாயில் 43,334 கோடி உறைந்த இறால், அதில் பெரும்பகுதி வளர்ப்பு இறால். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை 50 விழுக்காடாக்கியது. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. இழுவை மடிகளில் ஆமை விலக்கும் கருவி இல்லை என்ற காரணத்தால், இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே இராமேசுவரத்து இறாலை அந்த வரி நேரடியாகத் தொடவில்லை. அமெரிக்கா செல்லவிருந்த வளர்ப்பு இறால் பிற நாட்டுச் சந்தைகளுக்குத் திரும்பும்போது, அங்கே கடல் இறாலின் விலையை அழுத்தக்கூடும். நண்டுச் சதைக்கோ அமெரிக்காவே பெரிய சந்தை என்பதால் அடி நேராக விழுந்தது. ஒரே வரி, ஒரே கடற்கரை, இரு வேறு பாதைகள். செய்தித் தலைப்பை மட்டும் பார்த்துக் காரணம் எழுதுவோர் இதைத் தவறவிடுவர்.

பேரம் பேசும் வலிமையையும் மறக்கலாகாது. மூலதனம் எளிதில் இடம்பெயரும்போது இடம்பெயர முடியாத தொழிலாளரின் பேரம் பேசும் வலிமை குன்றும் என்பது பொருளியலாளர் டானி ராட்ரிக் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வாதம். நண்டு வாங்கும் கம்பெனி தன் கொள்முதலை வேறொரு கரைக்கு மாற்றிக்கொள்ளலாம்; சதை எடுக்கும் பெண் மாற முடியாது. எனவே ஒவ்வொரு தளத்திலும் உண்மையில் போட்டியிட்டு வாங்குவோர் எத்தனை பேர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் பல குரல் கேட்டாலும் இறுதியில் சரக்கு ஓரிரு ஆலைகளுக்கே போய்ச் சேரலாம். மறுபக்கம், பஹ்ரைனுக்கும் சவூதிக்கும் மீன்பிடிக்கச் செல்ல வழி இருப்பதால் இங்கே ஆள் தட்டுப்பாடு வந்து, சம்மாட்டிகள் பங்கை உயர்த்த நேர்வதுமுண்டு. அதுவும் உலகமயமாக்கல்தான்.

பாசி வளர்ப்பில் உழைப்பு எங்கே எழுதப்படுகிறது

மண்டபம் பகுதியில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சிகோ நிறுவனம், பவநகரிலுள்ள மைய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியின் வளர்ப்பை ஒப்பந்த முறையில் தொடங்கியது. பின்னர் அத்தொழில் அக்வாஅக்ரி நிறுவனத்தின் கைக்கு மாறியது. மூங்கில் மிதவையில் நாற்றைக் கட்டி, ஏறத்தாழ 45 நாளில் அறுத்து, காயவைத்துக் கொடுக்கும் பெண்கள் எவருடைய ஊழியரும் அல்லர். அவர்கள் வருமானம் முழுவதும் கலப்பு வருமானத்தில் போய்விடுவதால், ஊழியர் ஊதியத்தை மட்டும் பார்க்கும் ஆய்வில் அவர்களின் உழைப்பு தென்படவே தென்படாது. விலையோ இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் விளைச்சலைப் பொறுத்து நகர்கிறது. 2013-14இல் பாசி பெருமளவில் அழிந்தபோது, இழந்த நாற்றும் வீணான உழைப்பும் வளர்ப்போர் தலையில் விழுந்தன.

இங்கே கணக்கிட, மூங்கில், கயிறு, வலை, நாற்று ஆகியவற்றின் ஆண்டுச் செலவைக் கழித்து மதிப்புக் கூட்டலைக் காணுங்கள். பின்பு கட்டுதல், பராமரித்தல், அறுத்தல், காயவைத்தல் ஆகியவற்றுக்கான வேலை நாள்களை எண்ணி, அதே ஊரில் பெண்களுக்குக் கிடைக்கும் கூலியால் பெருக்குங்கள். வரும் தொகை மதிப்புக் கூட்டலைவிட அதிகமாக இருந்தால், அவ்வாண்டு அவர்களின் மூலதனத்துக்கு வருவாய் எதுவும் இல்லை. உழைப்புக்கே முழுக் கூலி கிடைக்கவில்லை. தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களுக்கும் இதே முறை பொருந்தும். 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்த பிறகு அத்தீவுகளை அண்டுவதில் உள்ள கட்டுப்பாடுகள் அவர்களின் வேலை நாள்களைக் குறைத்துள்ளன என்பதால், அங்கு காணும் குறைவை உலகச் சந்தையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

சேர்க்கக் கூடாதவை

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பல வீடுகள் வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தால் நடக்கின்றன. அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கி வேலை செய்வோரின் ஊதியம் அந்நாட்டின் உற்பத்தியிலும் அந்நாட்டின் உழைப்பின் பங்கிலும் அடங்கும். ஊருக்கு அனுப்பும் தொகை நம் கணக்கில் மாற்றுவரவு, அதாவது இங்கு நடந்த உற்பத்திக்கு ஈடாக அல்லாமல் வரும் பணம். அதை உழைப்பின் பங்கில் சேர்த்தால் எண் வீங்கிவிடும். அதேபோல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அரசு தரும் நிவாரணத் தொகையும் மாற்றுவரவே. ஆயினும் ஆள்வீத ஆண்டு வருமானத்தைக் கணக்கிடும்போது அந்த 61 நாள்களை விட்டுவிடாமல் 365ஆல் வகுக்க வேண்டும். கடலுக்குப் போன நாளின் வருமானத்தை மட்டும் காட்டினால் மீன்பிடித் தொழிலாளர் வசதியானவர் போலத் தோன்றுவார். கருவாடு காயவைத்தல், மீன் தரம் பிரித்தல் போன்ற கூலியில்லாக் குடும்ப வேலைகளின் மணிநேரத்தைப் பணமாக மாற்ற வேண்டாம். பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுதினால் போதும்.

முடிவை எழுதும்போது ஒற்றை எண்ணாக எழுதாமல், உரிமையாளரின் உழைப்பைச் சேர்த்ததும் சேர்க்காததுமான இரு எண்களுக்கு இடைப்பட்ட வரம்பாகவும், அதன் அருகே ஆள்வீத வருமானத்தை அவ்வாண்டின் அரிசி, டீசல் விலைகளோடும் எழுதுங்கள். பருவம், வலை, தளம், பங்கு பிரித்த விதி ஆகிய நான்கையும் தலைப்பிலேயே குறித்துவிட்டால், அடுத்த ஆண்டு வேறொருவர் அதே நோட்டிலிருந்து அதே முறையில் தொடரலாம்.